பிலோமினா என்று பெயர் பெற்றவர்களுக்கு



எமது பங்குகளிலே உள்ள பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் சில பெண் பெயர்களைத் திரும்பத் திரும்பக் காண்பார்கள். மரியம்மா, அன்னம்மா, திரேசம்மா, செபமாலை, லூர்தம்மா, பிலோமினா. இவற்றுள் மற்றவர்களுக்கெல்லாம் திருச்சபையின் நாட்காட்டியில் ஒரு நாள் இருக்கிறது. பிலோமினாவுக்கு மாத்திரம் இல்லை. ஒரு காலத்தில் ஓகஸ்ட் மாதம் 11 ஆம் திகதி இருந்தது. 1961 ஆம் ஆண்டு பெப்ரவரி 14 ஆம் திகதி உரோமைச் சடங்குத் திருச்சங்கம் விடுத்த பணிப்பின்படி அது எடுக்கப்பட்டுவிட்டது.

அந்தப் பெயரைத் தாங்கியவர்களிற் பெரும்பாலோர் இன்று அம்மம்மாக்களாகவும் அப்பம்மாக்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் பங்குச் சுவாமியாரைக் கண்டால் பாதி சிரிப்பும் பாதி மனத்தாங்கலுமாக ஒரு கேள்வி கேட்பதுண்டு. "என்ரை அர்ச்சியசிஷ்டவவைக் கலண்டரிலை இருந்து எடுத்துப் போட்டினமாம். அப்ப என்ரை ஞானஸ்நானப் பெயர் என்ன சுவாமி?" இதைச் சிரித்துத் தட்டிக் கழிப்பது எளிது. ஆனால் அறுபது, எழுபது வருடம் ஒரு பெயரைச் சுமந்தவள், அந்தப் பெயரால் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து, அந்தப் பெயரால் மணமுடித்து, அந்தப் பெயரிலே பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நின்றவள் கேட்கிற கேள்வி அது. அவளுக்கு ஒரு நேர்மையான மறுமொழி கொடுக்கவேண்டியது எங்கள் கடமை.

முதலில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

உரோமாபுரியின் வடபுறத்திலே, சலாரியா வீதியோரம், பிரிசில்லா என்பவரின் பெயரால் வழங்கும் நிலவறைச் சேமக்காலை ஒன்று உண்டு. ஆதிக் கிறிஸ்தவர்கள் மென்பாறையைக் குடைந்து, இருபுறச் சுவரிலும் தட்டுத் தட்டாக மாடங்கள் வெட்டி, அவற்றிலே தங்கள் இறந்தோரைக் கிடத்தி, மாடத்தின் வாயைச் சுட்ட மண் ஓடுகளாலோ சலவைக் கல்லாலோ மூடிச் சாந்து பூசுவார்கள். 1802 ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே வேலை செய்தவர்கள் மூன்று ஓடுகளால் மூடப்பட்ட ஒரு மாடத்தைக் கண்டார்கள். ஓடுகளிலே சிவப்பு மையால் எழுத்துக்களும், நங்கூரம், அம்பு, குருத்தோலை முதலிய அடையாளங்களும் தீட்டப்பட்டிருந்தன. இடமிருந்து வலமாக வாசித்தால் முதல் ஓட்டில் "லுமேனா", இரண்டாவதில் "பாக்ஸ் தே", மூன்றாவதில் "கும் பி" என்றிருந்தது. அதற்குப் பொருள் இல்லை. முதல் ஓட்டைத் தூக்கிக் கடைசியில் வைத்து வாசித்தபோதுதான் விளங்கிற்று: "பாக்ஸ் தேகும் பிலுமேனா." பிலுமேனாவே, சமாதானம் உன்னோடிருப்பதாக. உள்ளே குழந்தைப் பருவம் கடந்தும் கடவாத ஒரு சிறுமியின் எலும்புகளும் ஓர் உடைந்த கண்ணாடிக் குப்பியும் இருந்தன.

அவ்வளவுதான். அன்பர்களே, இந்தப் பெண்பிள்ளையைப் பற்றி நிலத்துக்கடியிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது அந்த மூன்று ஓடுகளும் அந்த எலும்புகளும் அந்தக் குப்பியுமே. அவள் யார் மகள், எந்த ஊர், எப்படி இறந்தாள் என்று ஓர் எழுத்தும் இல்லை. குருத்தோலையையும் குப்பியையும் கண்ட அக்காலத்தவர்கள் அவள் வேதசாட்சி என்று முடிவு செய்தார்கள். அப்படி முடிவு செய்வது அன்றைய வழக்கம். குப்பியிலிருந்தது இரத்தம் என்று அவர்கள் எண்ணினார்கள். ஆதிக் கல்லறைகளில் வாசனைத் தைலக் குப்பி வைக்கும் வழக்கமும் இருந்தது என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் காட்டினார்கள்.

மூன்று வருடம் அந்த எலும்புகள் உரோமாபுரியிலே பத்திரப்படுத்தப்பட்டிருந்தன. 1805 இல் நாப்போலி நகருக்கு அண்மையில் உள்ள முஞ்ஞானோ என்ற சிற்றூரின் குருவான பிரான்சிஸ்கோ தெ லூச்சியா அவற்றைக் கேட்டுப் பெற்றுத் தம் ஊருக்குக் கொண்டு சென்றார். ஓகஸ்ட் 10 ஆம் திகதி ஊர் திரண்டு வரவேற்றது. அன்றிலிருந்து புதுமைகள் பேசப்பட்டன. 1833 இல் நாப்போலியைச் சேர்ந்த ஒரு கன்னிகை, மரிய லுயீசா என்பவர், தமது செபத்திலே கேட்டதாக ஒரு சரித்திரத்தை வெளியிட்டார். கிரேக்க தேசத்து அரசகுமாரி, தியோக்கிலேசியன் இராயனை மணக்க மறுத்தவள், நங்கூரம் கட்டி ஆற்றில் எறியப்பட்டவள், அம்புகளால் எய்யப்பட்டவள் என்று எங்கள் முன்னோர் செபப் புத்தகங்களிலே வாசித்து உருகியதெல்லாம் அங்கிருந்து வந்ததே. ஓடுகளில் தீட்டியிருந்த அடையாளங்கள் ஒவ்வொன்றும் அந்தக் கதையில் ஒவ்வொரு வேதனையாக மாறியிருப்பதைக் கவனிக்கிறவர்கள் கவனிப்பார்கள். அதை அச்சிடத் திருச்சபை அனுமதித்தது உண்மை. அனுமதித்தது என்றால் விசுவாசத்துக்கு மாறாக அதில் ஒன்றுமில்லை என்பதே பொருள். நடந்த சரித்திரம் என்று முத்திரை குத்தியதாகாது.

ஆனால் பெயரைப் பரப்பியது அந்தக் கதை மாத்திரமல்ல. பிரான்சு தேசத்து லியோன் நகரில் போலின் ஜரிக்கோ என்றொரு பெண் இருந்தார். வாரம் ஒரு சிறு காசும் ஒரு சிறு செபமும் என்று ஏழைத் தொழிலாளப் பெண்களைச் சேர்த்து அவர் தொடங்கிய முயற்சியிலிருந்தே 1822 இல் விசுவாசம் பரப்பும் சங்கம் உருவாயிற்று. உலகெங்குமுள்ள மறைபரப்பு நாடுகள் அதனால் உதவி பெற்றன. இதய நோயால் சாவின் வாசலில் நின்ற அவர் 1835 இல் முஞ்ஞானோவுக்குப் பயணம் செய்து, ஓகஸ்ட் 10 ஆம் திகதி அங்கே குணமடைந்தார். போகும் வழியில் அவரைக் கண்டு, இனிப் பிழைக்கமாட்டார் என்றே எண்ணியிருந்த பாப்பரசர் 16 ஆம் கிரகோரியார், அவர் நடந்து திரும்பி வரக் கண்டு வியந்தார். 1837 இல் பிலோமினாவுக்குப் பொது வணக்கம் செலுத்த அனுமதியும் கொடுத்தார். போலின் ஜரிக்கோ 2022 மே 22 ஆம் திகதி லியோன் நகரிலேயே முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

அவர் கொடுத்த திருப்பண்டம் ஒன்றே ஆர்ஸ் நகர்ப் பங்குக் குருவான யோவான் மரிய வியான்னியிடம் சேர்ந்தது. அந்த மகான் என்ன செய்தார் தெரியுமா? தம்மிடம் வந்தவர்களுக்கு நடந்த புதுமைகளையெல்லாம் பிலோமினாவின் கணக்கிலே எழுதிவிட்டார். நோய் தீர்ந்ததா, பிலோமினாவுக்கு நன்றி சொல்லுங்கள். மனந்திரும்பினீர்களா, பிலோமினாவைக் கேட்டேன், அவள் செய்தாள். தம்மை யாரும் புகழாதபடி அந்தச் சிறு பெண்ணின் பின்னால் ஒளிந்துகொண்டார். புகழை வாங்கிக்கொள்ள எத்தனையோ கை நீளும் இக்காலத்திலே, புகழைத் தள்ளிவிட ஓர் ஆள் தேடிய குருவை நினைத்துப் பார்க்க எனக்கு ஆசையாயிருக்கிறது.

பிரான்சிலே இந்தப் பக்தி இப்படிக் கொழுந்துவிட்டு எரிந்த காலத்திலேதான், 1847 இல், அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் எமது நாட்டுக்கு வந்தார்கள். 1862 இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியரும் பிரான்சின் போர்தோ நகரில் பிறந்த சபையினரே. எமது தாய்மாரின் நவநாட்களிலும் சுரூபங்களிலும் பெயர்களிலும் பிரான்சின் வாசனை வீசுவதில் ஆச்சரியம் இல்லை. இந்தியாவிலும் அவ்வாறே. மைசூர் மகாராசாவின் செயலாளராயிருந்த தம்புச் செட்டியார் 1926 இல் ஒரு திருப்பண்டத்தைப் பெற்றுக் கொடுக்க, 1933 இல் மகாராசாவே அடிக்கல் நாட்டிய பேராலயம் இன்றும் பிலோமினா பேராலயம் என்றே வழங்கி, வேற்றுச் சமயத்தவர்களும் வந்து மெழுகுதிரி ஏற்றும் இடமாயிருக்கிறது. தமிழ்நாட்டிலோ பெண்களுக்கு மட்டும் போதாதென்று ஆண்பிள்ளைகளுக்கும் பிலோமின்ராஜ் என்று பெயர் வைத்தார்கள்! அயர்லாந்தில் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களிடையே பிலோமினாக்கள் பலர். இத்தாலியின் தென்பகுதியிலும் அப்படியே.

இனி 1961 க்கு வருவோம். அதற்கு முன்னரே, 1904 இல், கல்லறை ஆராய்ச்சியில் வல்லவரான ஒராசியோ மருக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஓடுகள் ஏன் மாறியிருந்தன? வேலைக்காரன் எழுத்தறியாமல் மாறி வைத்தானா? இல்லை என்றார் அவர். அந்த ஓடுகள் இரண்டாம் நூற்றாண்டில் பிலுமேனா என்ற ஒருத்தியின் கல்லறையை மூடியவை. பின்னர் நான்காம் நூற்றாண்டில் வேறொரு சிறுமியின் கல்லறையை மூட அவற்றையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தப் பெயர் இவளுக்குரியதல்ல என்று காட்டவே ஓடுகளை வேண்டுமென்று மாற்றி வைத்தார்கள். இது அவரது முடிவு. மறுத்து எழுதியவர்களும் உண்டு. ஆயினும் உறுதியான சரித்திரம் இல்லாத திருநாட்களைக் குறைக்க வேண்டும் என்று திருச்சபை நாட்காட்டியைத் திருத்தத் தொடங்கியபோது பிலோமினாவின் நாள் நிற்கவில்லை. அவள் பெயர் உரோமை மறைசாட்சிகள் பட்டியலில் அதற்கு முன்னரும் இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். அவள் மோட்சத்தில் இல்லை என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. அவளுடைய நாளைப் பொது வழிபாட்டிலிருந்து எடுத்ததே தவிர, அந்தச் சிறுமியைக் கடவுளின் கையிலிருந்து எடுக்கவில்லை. அப்படி எடுக்க எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. முஞ்ஞானோவிலே அவளுடைய கோவில் இன்றும் திறந்தே இருக்கிறது. அப்படியானால் அந்தப் புதுமைகள்? போலின் குணமடைந்தது? ஆர்ஸிலே நடந்தவை? நான் நினைப்பது இது: செபத்தைக் கேட்கிறவர் ஆண்டவர். செபிக்கிறவனுடைய சரித்திர அறிவைச் சோதித்துப் பார்த்துவிட்டு வரம் கொடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

ஆயினும் மருக்கி சொன்னதை நான் ஒரு தடங்கலாக எண்ணாமல் தியானத்துக்குரிய பொருளாகவே எடுத்துக்கொள்கிறேன். அவர் சொன்னது சரியென்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எங்களுக்கு முன்னால் நிற்பது ஒருத்தியல்ல, இருவர். ஒருத்திக்குப் பெயர் இருக்கிறது, உடல் இல்லை. மற்றவளுக்கு உடல் இருக்கிறது, பெயர் இல்லை. உலகமெல்லாம் பூப்போட்டு வணங்கிய எலும்புகளுக்குரியவளின் பெயர் அவளைப் பெற்ற தாய்க்கும் கடவுளுக்கும் மாத்திரமே தெரியும்.

இந்த நாட்டிலே தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய விடயமா? பெயர் இருந்தும் உடல் இல்லாதவர்கள் எத்தனை பேர் எங்கள் வீடுகளில்! 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோன பிள்ளைகள். 2009 இல் முடிந்த யுத்தத்தில், அதற்கு முன்னைய வருடங்களில், போனவர் போனவரே என்றானவர்கள். தாய்மார் படத்தைக் கையில் ஏந்திப் பெயரைச் சொல்லிச் சொல்லித் தெருவோரம் வருடக்கணக்காக இருந்தார்கள். அவர்களிற் பலர் மறுமொழி கிடைக்காமலே கண்மூடியும் விட்டார்கள். உடல் இருந்தும் பெயர் இல்லாதவர்களும் எங்களிடம் உண்டு. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 ஆம் ஆண்டு தோண்டியபோது பெரியவர்களின் எலும்புகளோடு சின்னஞ்சிறு பிள்ளைகளின் எலும்புகளும் வெளிவந்தன. ஒரு பள்ளிக்கூடப் பை கிடந்தது. ஒரு விளையாட்டுப் பொம்மை கிடந்தது. அந்தப் பையைச் சுமந்த பிள்ளையை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்?

அன்பர்களே, ஒவ்வொரு வருடமும் நவம்பர் 2 ஆம் திகதி சேமக்காலைக்குப் போய் எங்களவரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். ஏற்றுவதற்குக் கல்லறை இல்லாதவர்கள் எங்கே போய் ஏற்றுவது? அப்படிக் கலங்குகிற தாய்மாருக்கு நான் அந்த மூன்று ஓடுகளைக் காட்டுவேன். யாரோ ஒரு தகப்பனோ தாயோ, சாவின் அச்சம் சூழ்ந்த காலத்திலே, விளக்கு வெளிச்சத்திலே, ஈரமான நிலவறையிலே, சாந்து காயுமுன் எழுதிய எழுத்து அது. பிள்ளையின் பெயரையும் சமாதானத்தையும் தவிர அவர்கள் வேறொன்றும் எழுதவில்லை. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் அது இருளிலே இருந்தது. ஓடு மாறினாலும், உடல் மாறினாலும், அந்தச் சமாதானம் யாருக்குச் சொல்லப்பட்டது என்பது ஆண்டவருக்குத் தெரியாமற் போகவில்லை. எசாயா ஆகமத்தின் 43 ஆம் அதிகாரத் தொடக்கத்தையும் 49 ஆம் அதிகாரத்தில் தாயையும் பிள்ளையையும் பற்றி வரும் பகுதியையும் இன்றிரவு செபமாலைக்குப் பின் வீட்டில் ஒருவர் உரக்க வாசியுங்கள். பெயர் சொல்லி அழைத்தவர் யாரென்று அங்கே காண்பீர்கள்.

இனிப் பெயரின் பொருள். பழைய செபப் புத்தகங்களில் "ஒளியின் மகள்" என்றிருக்கும். இலத்தீனிலே பிலியா என்றால் மகள், லூமென் என்றால் ஒளி. இரண்டையும் ஒட்டிச் சொன்ன அழகான விளக்கம் அது. அழகானது, ஆனால் சொல்லின் வேர் அங்கே இல்லை. அது கிரேக்கப் பெயர். பிலேயோ என்ற வினையிலிருந்து பிறந்தது. "நேசிக்கப்படுகிறவள்" என்பது பொருள். கவனியுங்கள், நேசிக்கிறவள் அல்ல, நேசிக்கப்படுகிறவள். செயப்பாட்டு வினை. அவள் செய்தது ஒன்றுமில்லை, அவளுக்குச் செய்யப்பட்டது. ஞானஸ்நானத் தொட்டியண்டை கொண்டுவரப்படும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? கதையிலே வருகிற அரசகுமாரி வீரச் செயல்களால் பெயர் பெற்றவள். ஓட்டிலே எழுதியிருக்கிறவளோ நேசிக்கப்பட்டதனால் பெயர் பெற்றவள்.

அதே வினைச்சொல் அருளப்பர் சுவிசேஷத்தின் 11 ஆம் அதிகாரத்திலும் வருகிறது. இலாசர் நோயாய்க் கிடந்தபோது அவருடைய சகோதரிகள் ஆண்டவருக்குச் செய்தி அனுப்பினார்கள். அந்தச் செய்தியிலே தம்பியின் பெயர் இல்லை. ஊர் இல்லை. நோயின் விபரம் இல்லை. ஆண்டவரால் நேசிக்கப்படுகிறவன் நோயுற்றிருக்கிறான் என்ற ஒரே குறிப்புத்தான். அவருக்கு அது போதுமென்று மார்த்தாளுக்கும் மரியாளுக்கும் தெரிந்திருந்தது. ஆகவே, தன் பெயர் என்ன ஆயிற்று என்று கேட்கும் தாயே, உன் பெயர் அங்கே இருக்கிறது. கலண்டரிலே அதைத் தேடவேண்டாம். பெத்தானியாவிலிருந்து போன அந்தச் செய்தியில் இலாசருடைய பெயருக்குப் பதிலாக நின்றது உன் பெயரே.

இப்போது பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பழைய திருச்சபைச் சட்டம், 1917 இல் வந்தது, கிறிஸ்தவப் பெயரே வைக்கச் செய்யும்படி குருக்களுக்குக் கட்டளையிட்டது. பெற்றோர் இணங்காவிட்டால் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். 1983 இல் வந்த புதிய சட்டத்தின் 855 ஆம் பிரிவு, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் வைக்கப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத் தந்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றளவோடு நிற்கிறது. நல்ல தமிழ்ப் பெயர் வைக்கத் தடை இல்லை. அதில் எனக்கு மகிழ்ச்சியே. என் வருத்தமெல்லாம், எண்சாத்திரக்காரனிடம் போய் எழுத்தெண்ணி, பொருள் இன்னதென்று தாய்க்கும் தெரியாத, அப்பம்மாவின் வாயில் நுழையாத ஓசையொன்றைப் பிள்ளையின் தலையில் கட்டுவதைப் பற்றியே. அந்தப் பிள்ளை நாளைக்கு, "ஏன் அம்மா எனக்கு இந்தப் பெயர்?" என்று கேட்டால், எட்டாம் நம்பர் ஒத்துவராது என்பதற்காக என்றா சொல்லுவீர்கள்?

ஒரு வீட்டிலே அம்மம்மா பிலோமினா, பேத்தி பிரியா. பேத்தி அம்மம்மாவின் பெயரைப் பழசு என்று சிரிக்கிறாள். அம்மம்மா பேத்தியின் பெயரில் வேதம் இல்லை என்று குறைப்படுகிறாள். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே என்று யாராவது அவர்களை உட்காரவைத்துச் சொல்லவேண்டும். பிரியமானவள். கிரேக்கத்திலே அது பிலோமினா, வடமொழியிலே பிரியா. அம்மம்மாவின் பெயர் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

கடைசியாக, ஓகஸ்ட் 11 பற்றி. அந்த நாளிலே இப்போது திருச்சபை அசிசி நகர்ப் புனித கிளாராவை நினைவுகூருகிறது. கிளாரா என்றால் ஒளி பொருந்தியவள். பிலோமினா என்று பெயருள்ள தாய்மாரும் சகோதரிகளும் அன்று காலைத் திருப்பலிக்கு வரலாம். முன்போல நன்மை வாங்கி, முன்போல வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏதாவது இனிப்புக் கொடுக்கலாம். அன்றைய பூசைக் கருத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி மாத்திரம் கேட்கிறேன்: கல்லறை இல்லாத பெயர்களுக்காகவும் பெயர் இல்லாத கல்லறைகளுக்காகவும். காணாமற்போன உங்கள் பிள்ளையின் பெயரை ஒரு துண்டில் எழுதி முதல்நாளே பங்குத் தந்தையிடம் கொடுத்துவிட்டால், பீடத்தில் நின்று அவர் அதை உரத்து வாசிப்பார்.